உடைந்த பொதிகளை உடைத்தவர் யார்?

சென்ற பருவத்தில் எங்கள் ஆய்வகத்தில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். வட இந்தியாவில் உள்ள ஓர் உயர்கல்வி நிறுவனம் என்ற அளவில் அறிமுகம் போதும். இதை வாசிக்கும் ஆய்வு மாணவர்களில் பலர் ‘இது எங்கள் ஆய்வகம் அல்லவா’ என்று எண்ணக்கூடும். ஆகவே பெயர் சொல்வதால் பயனுமில்லை.

ஆற்றுப்படுகை ஒன்றின் வெள்ளப்பெருக்கை நான்காண்டுகளாக ஆய்ந்துவரும் இளைய தோழி ஒருவருக்கு ஆய்விதழிலிருந்து மதிப்புரை வந்தது. ஒரே ஒரு திருத்தம்: குறிப்பிட்ட ஓர் ஆண்டின் தரவை நீக்கிவிட்டு மூன்றாம் வரைபடத்தை மீண்டும் வரைந்து அனுப்புக. ஒரு பிற்பகலில் முடிய வேண்டிய வேலை. ஆனால் அதற்கு முந்தைய வாரம்தான் ஆய்வகத்தின் பொதுக் கணினி உபுண்டு 22.04 பதிப்பிலிருந்து 24.04 பதிப்புக்கு மேம்படுத்தப்பட்டிருந்தது. அவருடைய நிரல் ஓடவில்லை. பைத்தான் 3.10-ஐ நம்பிக் கட்டப்பட்ட அவருடைய மெய்நிகர் சூழல், பைத்தான் 3.12 குடியேறிய கணினியில் அடித்தளம் இல்லாத வீடாக நின்றது. நிலவரைபட நூலகத்தைப் புதிதாக நிறுவ முயன்றபோது, நம் அனைவருக்கும் பழக்கமான அந்த வாசகம் திரையில் வந்தது: சார்புகள் நிறைவேறவில்லை; உடைந்த பொதிகளை நீங்கள் பிடித்துவைத்திருக்கிறீர்கள்.

ஆய்வகக் குழுவில் உதவி கேட்டார். பத்து நிமிடங்களில் மூன்று அறிவுரைகள் வந்தன. ‘பிப் கட்டளையோடு தடையை மீறும் விருப்பத்தைச் சேர்த்துவிடு’ என்றார் ஒருவர். ‘பழைய பதிப்பின் பொதியை இறக்கி வலுக்கட்டாயமாக நிறுவு, பிறகு உடைந்ததைச் சரிசெய்யும் கட்டளையைக் கொடு, எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்’ என்றார் மற்றொருவர். ‘அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவு’ என்றார் மூன்றாமவர். முதலிரண்டையும் அவர் செய்தார்; ஆகவே மூன்றாவதையும் செய்ய நேர்ந்தது. மறுநாள் கணினி உள்நுழைவுத் திரையைக்கூடக் காட்டவில்லை.

புதிதாக நிறுவிய கணினியில் நிரல் ஓடியது. வரைபடமும் வந்தது. ஆனால் எண்கள் பழைய எண்களோடு ஒத்துப்போகவில்லை. வேறுபாடு மூன்றாம் தசமத்தில்தான். எனினும் வரம்பின் விளிம்பில் நின்ற ஓர் ஆண்டு, வெள்ள ஆண்டு என்ற பட்டியலிலிருந்து வெளியேறிவிட்டது. நெறியாளர் கேட்டார்: “இரண்டில் எது சரி?” அறையிலிருந்த எவரிடமும் விடையில்லை. சற்று நேரம் கழித்து அவரே சொன்னார்: “நீ கவனமாக இருந்திருக்க வேண்டும்.”

அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராகவே இந்தப் பதிவை எழுதுகிறேன்.

நம் துறைகளில் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. மென்பொருளை நிறுவுவதும், பொதிகளுக்கிடையிலான முரணைத் தீர்ப்பதும் ஆய்வுக்கு வெளியே நடக்கும் சில்லறை வேலை. அறிவுழைப்பு அல்ல, கையுழைப்பு. அது தெரிந்தவர் ‘கணினிப் பையன்’, தெரியாதவர் கவனக்குறைவானவர். இரண்டு பட்டங்களில் எதையும் பேராசிரியர் ஏற்பதில்லை. இந்த நம்பிக்கை தவறானது என்பதோடு நில்லாமல், நம் ஆய்வு முடிவுகளின் உண்மைத்தன்மையையே அரிக்கிறது என்பது என் வாதம்.

முதலில், பொதி முரண் என்பது என்ன என்று பார்ப்போம். டெபியன் இயங்குதளத்தின் 12-ஆம் பதிப்பு 2023-இல் வெளிவந்தபோது அதில் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன. உபுண்டு அந்தக் கிளையில் வந்ததே. ஒவ்வொரு பொதியும் தன்னைப் பற்றிச் சில உறுதிமொழிகளைத் தாங்கி வருகிறது. நான் இருக்க வேண்டுமெனில் இன்ன நூலகம் இன்ன பதிப்பிலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். நான் இருக்கும் இடத்தில் இன்னொன்று இருக்கலாகாது. நிறுவல் கருவியின் வேலை இந்த நிபந்தனைகள் அனைத்தையும் ஒருசேர நிறைவேற்றும் ஒரு தெரிவைக் கண்டுபிடிப்பது. இது தருக்கவியலில் நன்கறியப்பட்ட நிறைவேற்றத்தக்கமைச் சிக்கலே. அச்சிக்கல் என்.பி. முழுமை வகையைச் சேர்ந்தது என்று 1971-இல் ஸ்டீபன் குக் நிறுவினார். பொதிகளை நிறுவும் சிக்கலும் அதே வகையினது என்பதை 2000-களின் நடுவில் ரொபெர்ட்டோ டி கோஸ்மோ உள்ளிட்ட ஐரோப்பிய ஆய்வாளர்கள் காட்டினர். நாம் சில்லறை வேலை என்று ஒதுக்குவது, கணினியியலின் கடினமான சிக்கல்களுள் ஒன்றின் அன்றாட வடிவம்.

ஆகவே, திரையில் வரும் அந்த மறுப்பு வசையன்று. ஏறக்குறைய ஒரு நிறுவல்முறை. ‘நீங்கள் என் முன் வைத்த நிபந்தனைகளை ஒன்றாக நிறைவேற்றும் தெரிவு எனக்குக் கிடைக்கவில்லை’ என்பதே அதன் பொருள். ஏறக்குறைய என்று ஏன் சொல்கிறேன் என்றால், நாம் பயன்படுத்தும் ஆப்ட் கருவியின் பழைய தீர்வுமுறை எல்லா வழிகளையும் தேடிப் பார்ப்பதில்லை. சில வேளைகளில் தீர்வு இருந்தும் அது காணத் தவறும். அதன் சொற்களும் குழப்பமானவையே. ‘உடைந்த பொதிகளைப் பிடித்துவைத்திருக்கிறீர்கள்’ என்று அது சொல்லும்போது, பெரும்பாலும் நாம் எதையும் பிடித்துவைத்திருப்பதில்லை. இந்தக் குறைகளை ஒப்புக்கொண்ட பின்னும், அந்த வாசகத்துக்கு மேலே உள்ள வரிகளில் எந்தப் பொதி, எந்தப் பதிப்பை, எதனிடம் கேட்டு ஏமாந்தது என்ற தகவல் இருக்கிறது. நாம் அதை வாசிப்பதில்லை. கடைசி வரியை மட்டும் நகலெடுத்துத் தேடுபொறியில் ஒட்டுகிறோம். ஒரு கல்வெட்டின் இறுதி வரியை மட்டும் படித்துவிட்டு மன்னனின் ஆட்சியாண்டைத் தீர்மானிக்கும் மாணவரை நம் பேராசிரியர்கள் என்ன செய்வார்கள்?

இப்போது அந்த மூன்று அறிவுரைகளுக்கு வருகிறேன்.

முதலாவது, தடையை மீறுவது. அண்மைய டெபியனிலும் உபுண்டுவிலும் இயங்குதளத்தின் பைத்தானுக்குள் பிப் வழியாக எதையும் நேரடியாக நிறுவ முடியாது. ‘இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது’ என்று அது மறுத்துவிடும். காரணம் எளிது: இயங்குதளத்தின் கருவிகள் பலவும் அதே பைத்தானைச் சார்ந்திருக்கின்றன, இரண்டு நிர்வாகிகள் ஒரே அலமாரியில் கை வைத்தால் எது யாருடையது என்பது தெரியாமல் போகும். இம்மறுப்பை மீறும் விருப்பத்துக்கு அதன் உருவாக்குநர்கள் இட்ட பெயரைக் கவனியுங்கள்: ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’. கணினியின் பொதிகளை உடை என்று பொருள். நஞ்சுப் புட்டியின் மேல் நஞ்சு என்றே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நாமோ அதை இருமல் மருந்தாகப் பரிந்துரைக்கிறோம்.

இரண்டாவது, வலுக்கட்டாயம். சார்பு நிறைவேறாத பொதியை வற்புறுத்தி நிறுவினால் முரண் தீர்வதில்லை. முரணைச் சொல்லும் வாய் மட்டுமே அடைக்கப்படுகிறது. பிறகு ‘சரிசெய்’ என்று கட்டளையிடும்போது, கருவி தனக்குத் தெரிந்த வழியில் சரிசெய்கிறது: முரணுக்குக் காரணமான பொதிகளை நீக்குகிறது, அவற்றைச் சார்ந்தவற்றையும் நீக்குகிறது. நீக்கப்படுவனவற்றின் பட்டியலை அது முன்கூட்டியே காட்டுகிறது. அதைப் படிக்காமல் ‘ஆம்’ என்பவர்கள் நாம். 2021-இல் லைனஸ் செபாஸ்டியன் என்னும் புகழ்பெற்ற யூடியூபர், ஒரு விளையாட்டு மென்பொருளை நிறுவப் போய், ‘ஆம், நான் சொல்வதைச் செய்’ என்ற முழு வாக்கியத்தையும் தட்டச்சிட்டுத் தம் கணினியின் திரைச்சூழலையே நீக்கிக்கொண்டதை உலகமே பார்த்தது. அங்கே பொதியிலும் பிழை இருந்தது. அதன் பிறகு ஆப்ட் உருவாக்குநர்கள் அந்த வழியை எளிதில் திறக்க முடியாதபடி அடைத்தார்கள். பிழையிலிருந்து கருவி கற்றுக்கொண்டது. நாம் கற்றுக்கொண்டோமா?

மூன்றாவது, அழித்து நிறுவுவது. இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். ஏனெனில் இது வேலை செய்கிறது. கணினி ஓடத் தொடங்கிவிடுகிறது. அத்தோடு சான்றும் அழிந்துவிடுகிறது. எந்தப் பதிப்புகள் கூடி அந்த வரைபடத்தை உருவாக்கின என்பதற்கான ஒரே சாட்சி அந்தக் கணினியாக இருந்தது. சாட்சியைக் கொன்றுவிட்டு வழக்கு முடிந்தது என்கிறோம்.

இம்மூன்றையும் இங்கே ஒரே சொல்லால் பாராட்டுவார்கள்: ‘ஜுகாட்’. இருப்பதைக் கொண்டு எப்படியோ ஒப்பேற்றும் திறமை. வயலில் நீர் இறைக்கும் இயந்திரத்தை வண்டியில் பொருத்தி ஓட்டுபவரின் கூர்மதியை நான் வணங்குகிறேன். அவருக்கு வேறு வழி தரப்படவில்லை. ஆனால் அவருக்குத் தம் இயந்திரத்தில் எந்தத் திருகு எங்கே இருக்கிறது என்பது தெரியும். ஆய்வகத்தில் நாம் செய்வது அதுவன்று. என்ன செய்கிறோம் என்று அறியாமல் செய்துவிட்டு, ஓடிவிட்டது என்பதைச் சரியாகிவிட்டது என்று எண்ணிக்கொள்வது.

எங்கள் கணினியில் உண்மையில் நடந்தது என்ன? அந்த வாரம் நான் ஊரில் இல்லை. திரும்பி வந்து, தோழி குழுவில் இட்டிருந்த திரைப்பிடிப்பைப் படித்தேன். இரண்டே வரிகளில் காரணம் இருந்தது. நிலவரைபட நூலகத்தின் புதிய பதிப்பு வேண்டுமென்று யாரோ முன்பு ஒரு வெளிக் களஞ்சியத்தைச் சேர்த்திருந்தார்கள். இயங்குதளத்தை மேம்படுத்தும்போது வெளிக் களஞ்சியங்கள் முடக்கப்படுகின்றன; ஆனால் அவற்றிலிருந்து வந்த பொதிகள் கணினியிலேயே தங்கிவிடக்கூடும். அவ்வாறு தங்கிய நூலகத்தின் பதிப்பெண், 24.04-இன் அதிகாரபூர்வப் பதிப்பெண்ணைவிட உயர்ந்ததாக இருந்தது. ஆகவே மேம்படுத்தல் அதைத் தொடவில்லை. புதிதாக நிறுவ முயன்ற பொதியோ, அதிகாரபூர்வப் பதிப்பு ஒன்றையே, எழுத்துக்கு எழுத்து அதையே, கேட்டது. முரண் அவ்வளவுதான்.

தீர்வும் அவ்வளவுதான். பாதியில் நின்ற நிறுவல்கள் ஏதேனும் உண்டா என்று டிபிகேஜி கருவியிடம் கேட்டு முடித்துவைக்க வேண்டும். பிடித்துவைக்கப்பட்ட பொதிகளின் பட்டியலைப் பார்க்க வேண்டும். ‘ஆப்ட் பாலிசி’ என்ற கட்டளையால், சிக்கலுக்குரிய பொதி எந்தப் பதிப்பில் உள்ளது, எந்தெந்தக் களஞ்சியத்தில் எந்தப் பதிப்பு கிடைக்கிறது என்று காண வேண்டும். எந்தக் களஞ்சியத்துக்கும் உரிமையில்லாமல் அனாதையாக நிற்கும் பொதிகளை அடையாளம் கண்டு, அதிகாரபூர்வப் பதிப்புக்கு இறக்க வேண்டும். எதைச் செய்வதற்கு முன்னும் பாவனையாக ஒருமுறை ஓட்டி, நீக்கப்படுவனவற்றின் பட்டியலைப் படிக்க வேண்டும். அதன் பிறகு மெய்நிகர் சூழலைப் புதிய பைத்தானில் பழைய பட்டியலின்படி மீண்டும் கட்ட வேண்டும். அரை மணி நேர வேலை. நான்கு நாள்கள் வீணாயின.

அந்த வெளிக் களஞ்சியத்தைச் சேர்த்தவர் யார் என்று தேடினேன். அது நான். 2022-இல், என் சொந்த வேலைக்காக, ஒரு மாலையில். எங்கும் குறித்துவைக்கவில்லை. நிர்வாகிக் கடவுச்சொல் ஆய்வகத்தில் அனைவருக்கும் தெரியும். யார் எதைச் சேர்த்தார் என்பது எவருக்கும் தெரியாது. கவனமாக இருந்திருக்க வேண்டியவர் அந்தத் தோழியா? அவர் சேர்வதற்கு முன்பே உடைந்திருந்ததை, அவர் கையில் வந்து விழுந்த நாளில், அவர் உடைத்ததாகக் கணக்கெழுதினோம்.

எண்களுக்கு வருவோம், ஏனெனில் உண்மையான பணயம் அங்கேதான் இருக்கிறது. தற்செயலாக, ஓராண்டுக்கு முன் அவர் வேறொருவருக்கு அனுப்பிய மின்னஞ்சலின் இணைப்பில், அன்றைய சூழலின் பொதிகளும் பதிப்புகளும் வரிசையாக இருந்தன. அதை வைத்துப் பைத்தான் 3.10-இல் தனிச் சூழல் கட்டினோம். பழைய எண்கள் கடைசித் தசமம் வரை திரும்பி வந்தன. பிறகு ஒவ்வொரு நூலகமாகப் புதுப்பித்து ஓட்டினோம். நம்பை நூலகம் ஒன்றாம் வரிசையிலிருந்து இரண்டாம் வரிசைக்கு மாறியபோது எண்கள் மாறின. 2024-இல் வெளிவந்த நம்பை 2.0, எண் வகைகள் கலக்கும்போது விளைவின் துல்லியத்தைத் தீர்மானிக்கும் விதியை மாற்றியது. முன்பு, 32 இருமத் தசம எண் ஒன்றைப் பைத்தானின் இயல்பான தசம எண்ணோடு கூட்டினால் விளைவு 64 இருமமாக உயரும். இப்போது 32 இருமமாகவே நிற்கும். முன்னது ஏறத்தாழ 16 இலக்கத் துல்லியம், பின்னது ஏறத்தாழ 7. அவருடைய நிரல் பல்லாயிரம் மதிப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டிச் செல்கிறது. சிறு சிறு வெட்டுப்பிழைகள் சேர்ந்து மூன்றாம் தசமத்தை அடைந்துவிட்டன. நம்பை உருவாக்குநர்கள் மீது குற்றமில்லை. அவர்கள் அறிவித்து, விளக்கி, மாற்ற வழிகாட்டியும் எழுதிவைத்தே செய்தார்கள்.

ஆக, ‘எது சரி’ என்ற வினாவுக்கு விடை கிடைத்தது: அந்த நிரலைப் பொறுத்தவரை பழையதே துல்லியமானது, புதியதில் கூட்டும் மாறியின் வகையை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதோடு, வெளியே போன அந்த ஓராண்டு உண்மையில் விளிம்பில் நிற்பது, அதை வெள்ள ஆண்டு என்று அறுதியிட்டுச் சொல்வதே ஐயத்துக்குரியது என்ற அறிவும் கிடைத்தது. ஆய்வுக் கட்டுரையில் ஒரு பத்தி அவ்வாறே திருத்தி எழுதப்பட்டது. சில்லறை வேலை என்று ஒதுக்கியது, ஆற்றைப் பற்றிய ஓர் உண்மையைச் சொல்லிற்று. அந்த மின்னஞ்சல் இல்லாமல் போயிருந்தால்?

இது எங்கள் ஆய்வகத்தின் தனிக்கதையன்று. கிட்ஹப் தளத்திலுள்ள ஜூபிட்டர் குறிப்பேடுகளைப் பெருந்திரளாக ஓட்டிப் பார்த்து, பிமென்டெல் குழுவினர் 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஓட்ட முயன்றவற்றுள் பிழையின்றி ஓடியவை ஏறத்தாழ 24 விழுக்காடு. பழைய விளைவையே தந்தவை ஏறத்தாழ 4 விழுக்காடு.

எதிர்வாதங்களை நான் அறிவேன். ‘மேம்படுத்தாமல் இருந்தால் தொல்லையே இல்லை’ என்பது ஒன்று. சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் நாள் முடிந்தது. அதன் பின்னும் அதையே ஓட்டுபவர்கள், பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காத கணினியை வலையில் திறந்துவைத்திருக்கிறார்கள். ‘புதியதிலும் நஞ்சு உண்டே, எக்ஸ்இசட் நிகழ்வை மறந்தீரா’ என்பார்கள். மறக்கவில்லை. 2024 மார்ச்சில் அந்தப் பொதியில் ஒளித்துவைக்கப்பட்ட பின்கதவைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட். தொலைவிலிருந்து உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆவதேன் என்று வினவியதால் கண்டார். அந்நிகழ்வு எனக்குச் சொல்லும் பாடம் ‘மேம்படுத்தாதே’ என்பதன்று. ‘கவனித்து வாசி’ என்பதே.

‘கொள்கலனில் அடைத்துவிட்டால் தீர்ந்தது’ என்பது மற்றொன்று. டாக்கரும் ஆப்டைனரும் நல்ல கருவிகள், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ‘அண்மைய பதிப்பு’ என்று மட்டும் எழுதித் தொடங்கும் செய்முறைக் கோப்பு இன்று ஒன்றையும் அடுத்த ஆண்டு வேறொன்றையும் கட்டும். செய்முறையே இல்லாத கொள்கலனோ முத்திரையிட்ட தாழி. உள்ளே என்ன இருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. கொள்கலன் பதிவேட்டுக்குத் துணையாகலாம், மாற்றாகாது.

என் கோரிக்கைகள் மூன்று. பல்கலைக்கழக மானியக் குழு முனைவர் பட்ட மாணவர் அனைவரும் ஆய்வு, வெளியீட்டு அறம் குறித்த பாடத்தைப் படித்தாக வேண்டும் என்று விதித்திருக்கிறது. அதனுள்ளோ, ஆய்வு நெறிமுறைப் பாடத்தினுள்ளோ, கணக்கீட்டுச் சூழலைப் பதிவுசெய்வதும் மீட்டெடுப்பதும் இடம்பெற வேண்டும். இரண்டாவது, கணக்கீட்டைச் சார்ந்த ஒவ்வோர் ஆய்வேடும் தன் பொதிகளின் பதிப்புப் பட்டியலைப் பின்னிணைப்பாகத் தாங்க வேண்டும். ஆய்வேட்டைச் சோத்கங்காவில் ஏற்றுகிறோம். ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டிவிடுமோ என்று இரவெல்லாம் விழித்திருக்கிறோம். சொற்கள் நம்முடையவை என்று மெய்ப்பிக்க இவ்வளவு ஏற்பாடு. எண்கள் மெய்யானவை என்று மெய்ப்பிக்க ஒரு பக்கம்கூட இல்லை. மூன்றாவது, துறைதோறும் இவ்வேலைக்கென ஊதியமும் பதவிப் பெயரும் உள்ள ஒருவர் வேண்டும். வேதியியல் துறையில் கருவிகளைப் பேண ஒருவர் இருப்பதை எவரும் வியப்பதில்லை. கணினியும் நம் கருவியே.

இவை நிறைவேறும் வரை மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். இன்றே உங்கள் சூழலின் பட்டியலை ஒரு கோப்பில் எழுதி, நிரலோடு சேர்த்து வையுங்கள். பொதுக் கணினியில் எதைச் சேர்த்தாலும் நாள், பெயர், காரணம் மூன்றையும் குறியுங்கள். முரண் வந்தால் முதல் வரியிலிருந்து வாசியுங்கள். எங்கள் ஆய்வகத்தில் இப்போது கணினியின் அருகே ஒரு நீள நோட்டுப் புத்தகம் கயிற்றில் கட்டித் தொங்குகிறது. அதன் முதல் பதிவு என் கையெழுத்தில் இருக்கிறது: 2022-இல் சேர்த்த களஞ்சியம், அதனால் நேர்ந்தது, அதற்கான பொறுப்பு.

பேராசிரியர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை ஒரு மாணவர் உடைந்த கணினியோடு உங்கள் அறைக்கு வரும்போது, கவனமாக இருந்தாயா என்று கேட்பதற்கு முன், உங்கள் ஆய்வகத்தில் அந்த நோட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.